மானம் ஈதரில் பறந்த கதை

ஈதர் என்றால் பள்ளிக்கூட வேதியியல் லேபில் மூக்கைத் துளைக்குமே, அந்த பாட்டில்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெளிச்சமே ஈதரில்தான் மிதந்து வருகிறது என்று எங்கோ படித்ததும், இயற்பியல் வகுப்பில் எனக்குத் தூக்கம் வந்த காரணம் பிடிபட்டுவிட்டது.

பிறகு அந்த ஈதர் வேறு, இந்த ஈதர் வேறு என்ற உண்மை புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பீச் ரோட்டில் காந்தி சிலைப் பக்கம், பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளுக்கு வகுப்பெடுத்தேன். "அலைக்குத் தண்ணி வேணும். சத்தத்துக்குக் காத்து வேணும். வெளிச்சமும் அலைதானே? அது நீந்தி வர்றதுக்குத்தான் ஈதர். ஃப்ரெஸ்னல்னு ஒரு பிரெஞ்சுக்காரர்..."

பக்கத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த சொல்தா தாத்தா திரும்பினார். "ஃப்ரெனெல், தம்பி. எஸ்ஸைச் சொல்லக் கூடாது." பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரியில் பிறந்தும் எனக்கு எழுத்தை விழுங்கத் தெரியவில்லை.

எஸ்ஸை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தேன். ஒளி குறுக்கலை என்று 1821இல் ஃப்ரெனெல் சொல்லிவிட்டார். குறுக்கலை ஓட, ஈதர் திடப்பொருள் மாதிரி விறைப்பாக இருக்கணும். அதே ஈதருக்குள்ளே பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் உரசாமல் போகவும் வேணும்.

"அதெப்படி மாமா, இரும்பு மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்?"

பெரிய பெரிய ஆட்களே முழித்த கேள்வி. நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அது கரைவதற்குள் போனில் தேடிவிட்டாள். 1887இல் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மோர்லியும் பாதரசத்தில் கல்லை மிதக்கவிட்டு, ஒளியை இரண்டாகப் பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, ஈதர் காற்று அடிக்கிறதா என்று பார்த்தார்களாம். ஒளிப்பட்டைகள் நகர வேண்டிய தூரத்தில் இருபதில் ஒரு பங்குகூட நகரவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்றுவிட்டார். "நீங்க இன்னும் பழைய சிலபஸ்ல இருக்கீங்க மாமா." ஐஸ்கிரீம் காசு என்னுடையது.

சரி, அப்டேட் ஆனேன். அடுத்த கல்யாணப் பந்தியில், "ஈதர்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார்" என்று பக்கத்து இலைக்காரரிடம் அடித்துப் பேசினேன். ரிட்டயர்டு இயற்பியல் பேராசிரியராம். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "1920ல லெய்டன்ல அதே ஐன்ஸ்டைன், வெளிக்கும் பண்புகள் உண்டு, அந்த அர்த்தத்துல ஈதர் உண்டுன்னு பேசியிருக்காரே. அது நகருதுன்னு மட்டும் சொல்லக் கூடாதுன்னார்."

ஈதர் போன பிறகு உண்டு என்றேன். திரும்பி வந்த பிறகு இல்லை என்றேன். அப்பளம்கூட எனக்கு நமத்துப்போனதுதான் வந்தது.

போன மாதம் குடும்பத்தோடு சிதம்பரம் போனோம். ஆகாயத் தலம். திரையை விலக்கினார்கள், தங்க வில்வ மாலை தொங்குகிறது, பின்னால் வெறும் வெளி. மைக்கல்சன் மட்டும் இங்கே வந்திருந்தால் கல்லும் பாதரசமும் மிச்சமாகியிருக்கும் என்று சொல்ல, எக்கி, அக்கா மகள் பக்கம் சாய்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளுங்க சார், மறைக்குது" என்றார் பின்னால் நின்றவர்.