இருமினால் படுக்கும் காளை

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூணு ராத்திரியா உன் ரூம்ல வெளக்கு அணையலை. பிள்ளைக்கு ஆபீஸ்ல என்ன நெருக்கடியோன்னு ஆச்சி முருகனுக்கு நேந்துக்கிட்டா. எட்டிப் பாத்தா நீ லேப்டாப்புக்குக் குறுக்குவழி போட்டுக்கிட்டு இருக்கே. மூணு விரலால மேல தேய்ச்சா ஒண்ணு, கீழ தேய்ச்சா ஒண்ணு, நாலு விரலால தட்டினா இன்னொண்ணு. பல்லு தேய்க்கக்கூட நீ இம்புட்டு விரலைச் செலவழிச்சதில்லையேலே!

கணக்குப் பாப்போம். ஒரு தடவைக்கு மூணு செகண்டு மிச்சம்னே. நாளைக்கு 20 தடவைன்னா ஒரு நிமிசம். இதுக்கு நீ முழிச்சது ராத்திரிக்கு நாலு மணி நேரம், மூணு ராத்திரி. ஆக 720 நிமிசம். வருசத்துக்கு 250 நாள் வேலைன்னு வை, போட்ட முதல் திரும்பவே மூணு வருசம் ஆகும். நான் பருத்தி போட்டு நொடிச்ச கதை இதைவிடத் தேவலை.

வேண்டாம்னு சொல்லலை. சைகை நல்லதுதான். வண்டிக்காளைக்கு வாலடியில கால் பெருவிரல் பட்டாப் போதும், நடை மாறும். ஆனா எந்தச் சைகைங்கிறதுல இருக்கு சூட்சுமம். எங்க ஐயா சந்தையில ஒரு பொதிமாடு பிடிச்சுட்டு வந்தார். வித்தவன் அதை எப்படிப் பழக்கியிருந்தான் தெரியுமா? ஒரு இருமல் இருமினா பொத்துன்னு படுத்துக்கும். பொதி ஏத்தச் சௌகரியம். எங்க ஐயாவோ பீடிக்காரர். மூணு மைல் தூரம் வந்து சேர விடிஞ்சிருச்சு. அவர் இரும, அது படுக்க. அது படுத்த எரிச்சல்ல இவர் இன்னொரு பீடி பத்தவைக்க!

சிரிக்காதே. நீ செஞ்சதும் அதான். வேர்டுல ஆட்டோகரெக்ட்டைப் பிடிச்சு, 'நலம்'னு அடிச்சு இடம் விட்டா, ஏழு நாளுக்குள்ள தவணையைக் கட்டணும், தவறினா சட்டப்படி நடவடிக்கைன்னு முழுக் கடுதாசியும் வந்து விழும்படி வச்சே. ஆபீஸுக்குச் சரி. போன மாசம் மாமனாருக்கு எழுதும்போது, "நாங்கள் இங்கு நலம்"னு தட்டிட்டுத் திரும்பிப் பாக்காம அனுப்பிட்டியே! சீர் பாக்கிக்கு வக்கீல் நோட்டீசுன்னு அந்த மனுசன் ரெண்டு நாள் சோறு திங்கலை. சுருக்கச் சொல்லுன்னா வாயில வழக்கமா வராததா இருக்கணும்லே. 'நநந'ன்னு வை. எந்த மாமனாருக்கும் நீ அப்படி எழுதப்போறதில்லை.

அடுத்தது, எது எங்க இருக்கணும்கிறது. ஆச்சி உப்பு மரவையை அடுப்பு ஓரம் வச்சிருப்பா. பூச்சி மருந்து மச்சுமேல. நீ தொணதொணத்ததைக் கேட்டே நானும் கால் எஞ்சினீயர் ஆயிட்டேன், கேளு. வெட்ட, எடுக்க, ஒட்ட, செஞ்சதை மாத்தன்னு எக்ஸ், சி, வி, இசட் நாலும் கண்ட்ரோலுக்குப் பக்கத்திலேயே வரிசையா நிக்கி. அது உப்பு. ஐபிஎம் கம்பெனி டேவிட் பிராட்லி, 1981ல வந்த கம்ப்யூட்டருக்கு, அதை அணைச்சு எழுப்புற சேர்க்கையை முதல்ல கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப்னுதான் வச்சார். இடது கை ஒண்ணு தவறிப் பட்டாலே எல்லாம் போயிரும்னு, எஸ்கேப்பை எடுத்துட்டு எட்டக் கிடந்த டெலீட்டை வச்சார். ரெண்டு கையும் வேணும். அது பூச்சி மருந்து. நீயோ மூடுற சைகையை மூணு விரலுக்குக் கொடுத்திருக்கே. கொசுவைத் தட்டினாக்கூட கடுதாசி போயிரும்.

புதுசா வழி வெட்டுமுன்ன, இருக்கிற வழியில நடந்து பாரு. விண்டோஸ் கீயோட வி தட்டினா, ஒரு தடவை அனுமதி கேக்கும். கொடுத்துட்டா, அதுக்கப்புறம் நீ காப்பி பண்றதுல கடைசி 25ம் வரிசை கட்டி நிக்கும். எல் தட்டினாப் பூட்டிக்கும். நீ டீ குடிக்கப் போன நேரம் நான் தொடாம இருக்க அது உதவும். அப்புறமும் ஒரு வாரம் உன் கையைக் கவனி. எது அலுக்க அலுக்க வருதோ, அதுக்கு மட்டும் நாலோ அஞ்சோ வை.

அந்தா, கேட்டுதா? ஆச்சி கரண்டியால சட்டி விளிம்புல ஒரு தட்டு. அம்பத்தெட்டு வருசமா ஒரே சைகை. செட்டிங்ஸும் கிடையாது, தப்பிச்சுப் படுக்கவும் முடியாது. எந்திரிலே, தோசை ஆறிரும்.