ரெண்டு வயசுக்குள்ள

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்ககங்களில் மாடிக்கு ஒருவராவது இந்த ரகத்தில் இருப்பார். வயது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. மகேந்திரா சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் செல்போன், செல்போனில் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரை. எங்கள் மேல்வீட்டில் இருப்பவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ரெண்டு வயசுக்குள்ள'. வாயைத் திறந்தால் அதுதான் வரும். "ரெண்டு வயசுக்குள்ள ஒரு ஃபாரின் ட்ரிப் அடிச்சிடணும் சார்!"

ரெண்டு வயசுக்குள் மொட்டை அடிக்க வேண்டும், காது குத்த வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது புது சடங்கு. மந்திரம் விமானக் கம்பெனிக்காரர்கள் எழுதியது. ரெண்டு வயது நிரம்பாத பிள்ளை கைக்குழந்தை. மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். ரெண்டு நிரம்பிய அன்று அதே பிள்ளை முழுப் பயணி ஆகிவிடும். தனி சீட்டு, அதற்குத் தனிக் காசு. போகும்போது கைக்குழந்தையாகப் போய் நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டாலோ, திரும்பும்போது சீட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

ஆடித் தள்ளுபடியில் அளவு பொருந்தாத சட்டையை விலைக்காகவே வாங்கும் வம்சம் நம்முடையது. பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்க ரெண்டு லட்சம் செலவழிக்க இவர் தயாரானதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எந்த நாடு என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு எக்செல் தாள் போட்டு நாடுகளை வரிசையாக அடுக்கினார். வீட்டில் ஆளுக்கு ஒன்றாக அடித்தார்கள். மாலத்தீவை அவருடைய அம்மா அடித்தார். "சுத்தித் தண்ணிடா. கொழந்தைக்குத் தண்ணில கண்டம்னு ஜோசியர் சொல்லலையா?" பாலியை மனைவி அடித்தார். "உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஹனிமூனுக்கு பாலி போனப்போ நாம கொடைக்கானல் போனோம். இப்ப மட்டும் எதுக்கு?" அதற்கு அவரிடம் பதில் இல்லை, எந்தக் கணவனிடமும் இருக்காது. சிங்கப்பூரில் சித்தப்பா மகன் இருக்கிறான். அவன் வீட்டில் தங்கினால் அவன் மனைவிக்குக் கோபம், தங்காவிட்டால் சித்திக்குக் கோபம். இலங்கையை அவரே அடித்தார். "ஒன்றரை மணி நேரத்துல எறங்கிட்டா ஃபாரின் ஃபீலே வராது சார்." சாயங்கால நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் போய்ச்சேர எங்களுக்கு அதைவிட நேரமாகும். பெருங்களத்தூரிலும் அந்த ஃபீல் வருவதில்லை என்பது உண்மைதான்.

மிஞ்சியது மலேசியா. 2023 டிசம்பரிலிருந்து அங்கே போக நமக்கு விசா வேண்டாம். அதைவிட முக்கியம், பத்துமலை முருகன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தது தனிக் கதை. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வெள்ளைப் பின்னணியில் நாமே படம் எடுத்துக்கொண்டு போகவேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருப்பவர் கை தெரியக்கூடாது. ரெண்டு கண்ணும் திறந்து வாயும் மூடியிருக்கும் குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பை ஆட்டினார். பாட்டி காக்கா மாதிரிக் கத்தினார். நாற்பத்தோராவது படத்தில் பிள்ளை ஏதோ கடன்காரனைப் பார்ப்பதுபோல் முறைத்தது; அதுதான் தேறியது. ஐந்து வருஷத்துக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த முறைப்புதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார். "சார், மாமல்லபுரத்துல ஒரு ரிகர்சல். நீங்களும் வாங்க. ஏர்போர்ட்னா நாலு வெளியாள் இருக்கணும்ல?"

வெளியாளாகப் போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு ஏற்றிய சாமான்: ரெண்டு சூட்கேஸ், ரைஸ் குக்கர், ஃபிளாஸ்க், இட்லிப்பொடி, பருப்புப்பொடி, வசம்பு, விபூதி, தெர்மாமீட்டர், மலேசியாவின் சதுரமுனை பிளக்குக்கு மாற்று அடாப்டர் (மாமல்லபுரத்தில் அதை எங்கே சொருகுவது என்று நான் கேட்கவில்லை), ஒரு தள்ளுவண்டி. புறப்படும்முன் ஒவ்வொன்றையும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். குழந்தையையும் பார்த்தார். பன்னிரண்டு கிலோ. விமானத்தில் மாட்டும் தொட்டில் பத்து கிலோதான் தாங்குமாம். "நெய்யைக் கொறைம்மான்னு அப்பவே சொன்னேன்" என்றார் அம்மாவிடம். அம்மா பேரனுக்குத் திருஷ்டி கழித்தார்.

கடற்கரைக் கோயில் டிக்கெட் கவுண்டரில் முதல் அடி விழுந்தது. தொல்லியல் துறை இடங்களில் பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. "இங்க பதினஞ்சு வயசு வரைக்கும் ஓசியாம்டா. எதுக்கு ரெண்டு ரெண்டுன்னு அடிச்சுக்கற?" என்றார் அம்மா. அவர் காதில் விழாததுபோல் தள்ளுவண்டியைத் தள்ளினார். கோயிலைச் சுற்றிவிட்டுக் கடற்கரை மணலுக்குப் போனபோது சக்கரம் அச்சுவரை புதைந்தது. முடிவில் குழந்தையை அதன் அம்மா இடுப்பில் வைத்துக்கொள்ள, தள்ளுவண்டியை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். உற்சவர் இல்லாத பல்லக்கு.

மணலில் ஒரு வெள்ளைக்கார ஜோடி உட்கார்ந்திருந்தது. ஒத்தவாடைத் தெருவில் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கும் ஒரு பிள்ளை, இதே வயது, செருப்பில்லை, வாய் நிறைய வங்கக் கடல் மண். அப்பா படுத்திருந்தார், அம்மா புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஐயய்யோ, கொழந்த மண்ணத் திங்குது!" என்று ஓடிப்போய், முன்பின் தெரியாத பிள்ளையின் வாயில் விரலைவிட்டு வழித்தெடுத்தார். அந்தப் பெண் சிரித்தபடி தமிழில் "நன்றி" என்றாள். நம்மவர் பேச்சுக்கொடுத்தார். எத்தனை பெட்டி கொண்டுவந்தீர்கள்? அவர்கள் பக்கத்தில் கிடந்த ஒரேயொரு முதுகுப்பையைக் காட்டினார்கள்.

திரும்பி வரும்போது என் காதில் சொன்னார்: "பாவம் சார், லக்கேஜெல்லாம் தொலஞ்சுபோச்சு போலிருக்கு."

அன்று நான் ஒன்றைக் காட்டத் தவறவில்லை. கடற்கரைக் கோயில் கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தர் இருக்கிறார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்து வேலை. சிவன் பக்கத்தில் உமை, உமையின் மடியில் குட்டி முருகன். உப்புக்காற்று முகங்களைத் தின்றிருக்கிறது. மடியும் பிள்ளையும் தெரிகின்றன. "பாருங்க, மடி டிக்கெட். ஆயிரத்து முந்நூறு வருஷமா ரெண்டு வயசு ஆகவே இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் வராத குறை. "குடுத்து வெச்சவங்க சார்" என்றார்.

நிஜப் பயணமும் நடந்தது. பத்துமலையில் அதே முருகன் நூற்று நாற்பது அடி வளர்ந்து நிற்கிறார். அந்த உயரத்துக்கு மடி டிக்கெட் எந்தக் கம்பெனியும் தராது. 272 படிகள், தள்ளுவண்டியை அங்கும் தூக்கினார்களாம். பாட்டி பேரனுக்கு முருகனைக் காட்ட, பேரன் காலடியில் மேய்ந்த புறாக்களைக் காட்டினானாம். இரட்டைக் கோபுரத்தின் எதிரே தூங்கிவிட்டான். ரைஸ் குக்கர் மட்டும் தினம் மூன்றுவேளை வேலை செய்தது.

இதெல்லாம் நான் கேட்டுக்கேட்டுப் பிடுங்கியவை. அவராகச் சொன்னது ஒன்றுதான், திரும்பி வந்த இரவு. பிறந்தநாளுக்கு முந்தின நாள் இரவு பதினொன்றே முக்கால் விமானத்துக்குப் பதிந்திருந்தார். கணக்கில் கால் மணி நேரம் மிச்சம். அந்த விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

"பன்னெண்டு அடிச்சா ரெண்டு வயசு சார்! உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு."

மனைவிதான் முதலில் சட்டம் பேசியிருக்கிறார். "ஏங்க, இவன் பொறந்தது செங்கல்பட்டுல. நம்ம ஊருல அப்ப ஒம்பதரைதானே ஆகும்?" மலேசியா நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இவர் கவுண்டரில் வாதாடத் தயாரானார். அம்மா அதற்கும் மேலே போனார். "நட்சத்திரப்படி பாத்தா இன்னும் எட்டு நாள் இருக்குடா. தைரியமா சொல்லு."

"என்னதான் சொன்னாங்க கவுண்டர்ல?"

"ஒண்ணும் கேக்கல சார். ஏறச் சொல்லிட்டாங்க" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

பிள்ளைக்கு இப்போது ரெண்டரை வயது. போன வாரம் மாடிப்படியில் பார்த்தேன். கையில் செல்போன், அதில் வேறொரு கடற்கரை. இனிமேல் முழு சீட்டாயிற்றே, எதற்கு வீண் ஆசை என்றேன். குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல அஞ்சு மாசம் சார். இன்னும் முழுசா ரெண்டு வருஷம் நாலு மாசம் இருக்கு."