பழகிய வேதாகமம்

கேள்வி: ஆண்டாண்டு காலமாகப் பழைய வேதாகமத்தில் ஊறிய எனக்கு, 'திருவிவிலியம்' ஒட்டவே மாட்டேன் என்கிறதே? – வாசகி, அரசரடி, மதுரை

பதில்: குறை புத்தகத்தில் இல்லை, காதில். நீங்கள் நெஞ்சோடு அணைத்திருக்கும் பழையது, ஹென்றி பவர் ஐயர் தலைமையிலான குழு 1871இல் முடித்தது. வந்த அன்றைக்கு அதுவும் புதுசுதான். பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் ஊறிய லுத்தரன் சபையார் அதற்குச் சுலபத்தில் மாறவில்லை. அந்தப் பப்ரிசியஸுக்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். பழமைக்கும் ஒரு வெளியீட்டு விழா இருந்திருக்கிறது, பாருங்கள்!

"கம்பீரம் இல்லை, செய்தித்தாள் மாதிரி இருக்கிறது" என்பீர்கள். புதிய ஏற்பாட்டின் மூலமே சந்தையில் புழங்கிய கிரேக்கம்தான். பண்டிதர் நடை அன்று. ஆனால் கல்யாணத்திலும் துக்க வீட்டிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான 23ஆம் சங்கீதத்தை மாற்றிச் சொல்லச் சொல்வது கொடுமை. முதல் தாளில் பிள்ளைகளின் பிறந்த தேதியும், வசனம் வலப்பக்கம் கீழே என்று விரலுக்குத் தெரிந்த இடமும் புதியதில் கிடைக்காது. ஆகவே ஜெபத்துக்குப் பழையது இருக்கட்டும். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தை, மனப்பாடம் ஆகாத பகுதியில் தொடங்குங்கள். ரோமர் நிருபம் நல்ல இடம்.