சிகரெட் பிடித்த சேவல்

1940 கோடையில் ஹிட்லரின் படை ஆறே வாரத்தில் பிரான்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. இப்படி அடி வாங்கிய நாடு, டாங்கி போதவில்லையா, தளபதிகளுக்கு மூளை போதவில்லையா என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் தோல்விக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த மார்ஷல் பெத்தேனே ஒரு தளபதி. அந்தத் திசையில் யோசனை போகுமா? அவருடைய அரசாங்கம் குடியேறிய ஊர் விஷி. அஜீரணக்காரர்கள் மினரல் வாட்டர் குடிக்கப் போகிற ஊர் அது. அங்கே உட்கார்ந்து, தேசத்தின் ஒழுக்கம் கெட்டதால்தான் தோற்றோம் என்று முடிவு கட்டினார்கள். ஒழுக்கத்தைக் கெடுத்த குற்றவாளிகளில் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தும் விட்டார்கள். அவன் ஜெர்மானியன் இல்லை. ரக்பி லீக் என்ற பந்து விளையாட்டு.

1941 டிசம்பர் 19 தேதியிட்ட ஆணையில் எண்பத்தைந்து வயது மார்ஷல் கையெழுத்துப் போட்டார். ரக்பி லீக் சம்மேளனம் கலைக்கப்பட்டது. சொத்து பறிமுதல் ஆனது. பத்தே வருஷத்தில் அதே விளையாட்டை ஆடும் பிரெஞ்சுக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அந்த ஊர் ஜாம்பவான்களை அவர்கள் வீட்டு முற்றத்திலேயே புரட்டி எடுத்தார்கள். கேப்டனாகப் போனவர், ஒழுக்கம் என்ற பேச்சை எடுத்தாலே தீப்பெட்டி தேடுகிற ஆள். அந்தக் கதைக்கு வருவதற்குள் சின்ன பூர்வகதை ஒன்று.

ரக்பியில் இரண்டு சம்பிரதாயங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்: கோணல் பந்து, சேறு, ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடக்கும் ஆஜானுபாகுகள். உள்ளே இருக்கிறவர்களுக்கோ அது வடகலை, தென்கலை. 1895இல் இங்கிலாந்தின் வடக்கே, மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போனது. அந்தக் கூலியைக் கிளப்பே கொடுக்கட்டுமே என்றார்கள். காசு தொட்டால் விளையாட்டு தீட்டுப்பட்டுவிடும் என்று தெற்கத்திக் கனவான்கள் சொன்னார்கள். அரை நாள் கூலி என்றால் என்னவென்றே அறியாதவர்கள் அவர்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்திக்காரர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். பிறகு ஆளைப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைத்து, ஆட்டத்தை வேகமாக்கினார்கள். இது லீக். தாய்வீட்டிலேயே தங்கிய பதினைந்து பேர் ஆட்டம் யூனியன்.

பிரான்ஸில் யூனியன்தான் ஆண்டது. அங்கேயும் காசு வாங்கக் கூடாது என்பது விதி. வெளிப்படையாக வாங்கக் கூடாது என்பது அதன் நடைமுறை அர்த்தம். கியான் என்று தெற்கே ஒரு குட்டி ஊர். அங்கே ழான் பூரேல் என்ற தொப்பி முதலாளிக்குத் தன் சரக்கை விளம்பரப்படுத்த ஆசை. பக்கத்து ஊர்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு வந்தார். தொப்பி தைக்கத் தெரியுமா என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1929இல் கியான் பிரெஞ்சு சாம்பியன்! இந்த மாதிரிக் கூத்தையும் மைதானத்தில் நடந்த அடிதடியையும் பார்த்துப் பிரிட்டிஷ் யூனியன்கள் 1931இல் பிரான்ஸுடன் ஆட்ட உறவை முறித்துக்கொண்டன. கியானில் ஆடியவர்களில் ஒருவர் ழான் காலியா. ஆட்டக்காரர்களுக்குக் காசாசை காட்டினார் என்று யூனியன் அவரை வெளியே தள்ளியது. அவர் நேராக இங்கிலாந்து போய், 1934இல் பிரான்ஸுக்கு லீக்கைக் கொண்டுவந்துவிட்டார். காசு கொடுத்தால் வெளிப்படையாகக் கொடுப்போம் என்ற அந்த அநாகரிகம் மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஐந்தே வருஷத்தில் 200க்கும் மேற்பட்ட கிளப்புகள் முளைத்தன. யூனியன் பெரியவர்களுக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் அரசாங்கம் விஷிக்கு வந்து சேர்ந்தது. ஏற்கெனவே சொன்னபடி, அது அஜீரணத்துக்கு மருந்து கிடைக்கும் ஊர்.

விஷியின் விளையாட்டு ஆணையர் ழான் போரோத்ரா, விம்பிள்டன் வென்ற டென்னிஸ் வீரர். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த கர்னல் பாஸ்கோ, பிரான்ஸுக்காக யூனியன் ஆடியவர். மாமியாரையே நீதிபதியாகப் போட்டுவிட்டு மருமகளுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று புலம்பி என்ன பயன்?

போர் முடிந்ததும், எதிர்ப்புப் படையில் இருந்த போல் பாரியேர் போன்ற இளைஞர்கள் லீக்கைத் தூசி தட்டி எழுப்பினார்கள். பாரியேர் சம்மேளனத் தலைவரானபோது அவருக்கு 27 வயது. எழுந்து நிற்கலாம், ஆனால் ரக்பி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றது புதிய பிரான்ஸ். விஷியின் மனிதர்கள் போனார்கள், வயிற்றெரிச்சல் போகவில்லை. "பதின்மூன்று பேர் ஆட்டம்" என்று பெயர் வைத்துக்கொண்டு, 1949இல் வெம்ப்ளிக்குப் போய் இங்கிலாந்தை 12-5 என்று தோற்கடித்தார்கள். பெயர் இல்லாதவன் அடித்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

இனி 1951. ஆஸ்திரேலியாவுக்கு அப்போது தலைகால் புரியாத நேரம். முந்தின வருஷம்தான், முப்பது வருஷ ஏக்கத்துக்குப் பின், சிட்னியின் சேற்றில் புரண்டு 5-2 என்று பிரிட்டனை வென்று ஆஷஸைப் பிடித்திருந்தார்கள். கிரிக்கெட்டில் மட்டும்தான் ஆஷஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க, சண்டை போட இந்த இரண்டு நாட்டுக்கும் ஒரு சாம்பல் போதாது. கேப்டன் கிளைவ் சர்ச்சில், உலகின் தலைசிறந்த ஃபுல் பேக், அதாவது அணியின் கடைசிக் காவலன், என்று பேர் வாங்கியவர். சுருட்டுப் பிடித்த சர்ச்சிலுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இந்தத் தொடரில் புகை எதிரணியிலிருந்து வந்தது.

எதிரணி என்றால், சேவலைச் சின்னமாகக் கொண்ட பிரான்ஸின் ஃபுல் பேக்கும் கேப்டனுமான புயிக் ஓபேர். கார்கசோன் கிளப்காரர். குள்ளம், கொஞ்சம் உருண்டை. செல்லப்பெயர் பிப்பெட். ஊதித் தள்ளியதால் வந்த பெயர். பயிற்சி என்றால் ஆகாது. பாஸ்தீஸ் என்ற சோம்பு மணக்கும் மது என்றால் ஆகும். ஆட்டம் மைதானத்தின் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தால், இவர் இந்தக் கோடியில் வேலிப் பக்கமாக ஒதுங்கி, ரசிகர் நீட்டும் சிகரெட்டில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பந்து வரும்போது திரும்பி வருவார் என்று சொல்வார்கள். எதிராளியைப் பாய்ந்து மடக்கும் டாக்கிள் என்ற சமாசாரத்தில் அவருக்கு ஈடுபாடு குறைவு. ஏனப்பா மடக்கவில்லை என்று சகாக்கள் கேட்டால், நீங்கள் பன்னிரண்டு பேர் அவனை ஏன் விட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பாராம். யோசித்துப் பார்த்தால் கேள்வியில் தப்பில்லை.

இவரை ஏன் வைத்திருந்தார்கள்? காலுக்காக. கோலுக்கு உதைப்பது மற்றவர்களுக்கு ஒரு யாகம். பந்தை நட்டு, காற்றைப் பார்த்து, அடி எண்ணி, மூச்சை இழுத்து விடுவார்கள். பிப்பெட் பந்தை நிறுத்தி வைப்பார், முதுகைக் காட்டிக்கொண்டு சில அடி நடப்பார், திரும்புவார், உதைப்பார், போய்விடுவார். உதைக்கும் முன் பந்தைச் சரியாகப் பார்த்தாரா என்றே எதிரணிக்குச் சந்தேகமாக இருக்கும். கம்பங்களுக்கு நடுவே அது பறந்துகொண்டிருக்கும்.

அவரை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல் ஓடாது. எலி புரூஸ், எதுவார் பொன்சினே என்று இரண்டாம் வரிசையில் இரண்டு மலைகள். மலைகளுக்கு ஓடவும் தெரியும் என்பதை எதிராளிகள் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். ஓரத்தில் கோன்ட்ராஸ்தேன், கான்டோனி. நடுவில் மெர்க்கே. ஆட்கள் தோள் கோத்து முட்டுகிற ஸ்க்ரமுக்குப் பின்னால் ழான் தோப். அடுத்து என்ன செய்வார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. எதிரிக்கு எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியர்களின் ஆட்டம் ஒழுங்கானது: முட்டு, எழுந்திரு, மறுபடி முட்டு. அன்றைய விதியில் எத்தனை முறை மடக்கப்பட்டாலும் பந்து கை மாற வேண்டியதில்லை, ஆகவே நாள் முழுக்க முட்டிக்கொண்டிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பந்து கையில் சுடுவதுபோல அடுத்தவனுக்கு எறிந்தார்கள், அவன் அதற்கடுத்தவனுக்கு, சில சமயம் யாருமே இல்லாத இடத்துக்கு. அந்த இடத்துக்கு எப்படியோ ஒருவன் வந்து சேர்ந்துவிடுவான்.

மே மாதம் தொடங்கிய பயணத்தின் ஆரம்பத்தில் நியூகாசிலில் தோற்றார்கள். உள்ளூரில் சிரித்திருப்பார்கள். ஜூன் 11, திங்கள்கிழமை, மன்னர் பிறந்தநாள் விடுமுறை. நம்மவர்கள் விடிகாலையில் அலாரம் வைத்து டிவியில் பார்க்கிற அதே சிட்னி கிரிக்கெட் மைதானம். முதல் டெஸ்ட். 60,160 பேர் கூடியிருந்தார்கள். பிரான்ஸ் 26, ஆஸ்திரேலியா 15. பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றும் டிரைக்கு 3 புள்ளி, கோலுக்கு 2 புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் நாலு டிரை, ஏழு கோல். ஏழும் பிப்பெட்டின் காலிலிருந்து வந்தவை. மன்னர் பிறந்தநாளைக் கொண்டாட, மன்னரின் தலையை வெட்டிய நாட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் செய்த மரியாதை இது.

ஜூன் 30, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியா 23-11 என்று திருப்பிக் கொடுத்தது. அதைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

ஜூலை 21, மறுபடி சிட்னி. ஆளுக்கொன்று ஜெயித்திருந்ததால் கூட்டம் இன்னும் கூடியது: 67,009. அந்த 67,009 பேரில் பெரும்பாலோர் பார்க்க வந்தது வேறு, பார்த்தது வேறு. பிரான்ஸ் 35, ஆஸ்திரேலியா 14. ஏழு டிரை, ஏழு கோல். உலகத்தின் சிறந்த அணியை அதன் சொந்த மண்ணில் இப்படி யாரும் பந்தாடியதில்லை என்று நான் சொன்னால் புள்ளிவிவரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம்: ரசிகர்கள் தோற்ற கோபத்தையும் மறந்து எதிரணிக்குக் கை தட்டுகிற அளவுக்கான ஆட்டம். மூன்று டெஸ்டையும் சேர்த்து பிரான்ஸ் எடுத்த புள்ளி 72. பிப்பெட் அடித்த கோல்கள் 18, அதாவது 36 புள்ளி. பதின்மூன்று பேர் ஆட்டத்தில் சரிபாதி ஒரு ஆளின் வலது காலுக்கும் இடது காலுக்கும் சேரும். நுரையீரலுக்குப் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது பெத்தேன் எங்கே இருந்தார்? தேசத்துரோகக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று, அட்லாண்டிக் கரையோரத்தில் இல்-த்யூ என்ற தீவில். மூன்றாம் டெஸ்ட் முடிந்து இரண்டே நாளில், ஜூலை 23ஆம் தேதி, 95 வயதில் அவர் இறந்துபோனார். 35-14 என்ற ஸ்கோர்தான் காரணம் என்று வாதாட எனக்கு ரொம்ப ஆசை. டாக்டர்கள் வயதைக் காரணம் சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவார்கள்.

வெற்றி மயக்கத்தில் நியூசிலாந்துக்குப் போனவர்கள், ஆக்லாந்தின் கார்லா பார்க் மைதானத்தில் ஆகஸ்ட் 4 அன்று 16-15 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அங்கேயும் டெஸ் வைட் என்று ஒரு ஃபுல் பேக் இருந்தார், அவருக்கும் கோல் உதைக்கத் தெரிந்திருந்தது. உலகத்தில் நம்மைத் தவிரவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பயணத்தில் ஒருமுறையாவது தெரிந்துகொள்வது உடம்புக்கு நல்லது.

மொத்தப் பயணத்தில் புயிக் ஓபேர் எடுத்தது 236 புள்ளிகள். ஊர் திரும்பியபோது மார்செய் துறைமுக நகரமே தெருவில் இறங்கியது. திறந்த கார்களில் கானபியேர் வீதி வழியே ஊர்வலம். தடை செய்யப்பட்ட விளையாட்டு, பறிமுதல் செய்யப்பட்ட சொத்து, சொல்லிக்கொள்ள முடியாத பெயர், அத்தனைக்கும் சேர்த்து வாங்கிக்கொண்ட மாலை மரியாதை. அந்த வருஷம் லெகிப் பத்திரிகை பிரெஞ்சு விளையாட்டு உலகத்தின் சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. சைக்கிள்காரர்கள், ஓட்டக்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று ஒழுங்காகத் தூங்கி எழுந்து உழைத்த எல்லோரும் வரிசையில் நிற்க, பட்டம் போனது பிப்பெட்டுக்கு. உடற்பயிற்சி ஆசிரியர்கள் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

1955இல் அவர் இல்லாமலே பிரான்ஸ் மறுபடி ஆஸ்திரேலியா போய், தொடரை மறுபடி 2-1 என்று வென்றது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் அளந்து சாப்பிட்டன, எடை தூக்கின, வேளைக்குத் தூங்கின, சிகரெட்டைத் தொடுவதை விட்டன. 1955க்குப் பின் ஆஸ்திரேலிய மண்ணில் பிரான்ஸ் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட வென்றதில்லை.