திட்டு வாங்கியது போதும்!

கேள்வி: ஓட்டல் வைத்து, நஷ்டப்பட்டு, மூடிவிட்டேன். ராத்திரி படுத்தால் 'முட்டாள், முட்டாள்' என்று என்னையே திட்டிக்கொண்டு கிடக்கிறேன். 'உங்கள்மேல் நீங்களே கொஞ்சம் அன்பு காட்டுங்கள்' என்கிறாள் மனைவி. அது எந்தக் கடையில் கிடைக்கும்?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கடையில் கிடைத்தால் அதையும் கடனுக்கு வாங்கிவிடுவீர்களே! இதே நஷ்டத்தோடு உங்கள் தம்பி வந்து நின்றால் 'முட்டாள்' என்பீர்களா? 'முதல்ல சாப்பிடுடா, அப்புறம் பேசலாம்' என்று இலை போடுவீர்கள். அந்த இலையை உங்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் மனைவி. அமெரிக்க உளவியலாளர் கிரிஸ்டின் நெஃப், தன்மேல் தானே அன்பு காட்டும் இந்தக் குணத்தை அளக்க 26 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றையே 2003-இல் வெளியிட்டார். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று ஒதுங்குவது வலியைக் கூட்டும் என்பது அவர் கட்சி. கடைத்தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஷட்டர் இறங்கிய கடை உங்களுடையது மட்டும்தானா?

ஒதுங்கிக் கிடக்காமல் துணைக்கு ஆள் தேடுங்கள். தேடும்போது, 'நான் அப்பவே சொன்னேன்' கோஷ்டியைக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். (காபி நன்றாக இருந்தால் மறுபடி வருவார்கள், ஜாக்கிரதை.) கடன் நோட்டைப் பிரித்து, யாருக்கு எவ்வளவு, எதை முதலில் அடைப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் ஒரு நண்பர் போதும்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரைப் பாருங்கள். வாழ்வதே பாரம் என்று ஒரு நொடி தோன்றினாலும், உடனே 14416-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் 'டெலி மனாஸ்' சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.