திரையில் தெரியும் பாறை

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு அடியில் பெட்ரோலியம் இருக்கிறதா என்று கணினித் திரையிலேயே பார்த்துவிடலாமாமே?
– வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: உங்களுக்கு வாய்த்த எண்ணெய் குலையில்தான்! உங்கள் கடலோரக் களிமண்ணுக்கும் சதுப்புக்கும் கீழே இருப்பது பழம்பாறை. பெட்ரோலியம் தேங்கும் தடித்த படிவுகள் திரங்கானு, சரவாக், சபா கடலடியில் உள்ளன. அங்கே கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவுசெய்கிறார்கள். கணினி அதை முப்பரிமாணப் படமாக்கும். ஆய்வாளர் அதைத் திருப்புவார், கேக் போல வெட்டிப் பார்ப்பார், பிளவுகளைக் கோடிட்டுக் காட்டுவார். எரிவாயு பல நேரம் பளிச்சென்று தெரியும். நிலக்கரியும் அப்படியே பளிச்சிடும்! பிரித்தறிய அனுபவம் வேண்டும். உறுதி சொல்வது துளைக்கருவிதான். 1910இல் சரவாக்கின் மிரியில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது இந்தத் திரை வசதி கிடையாது. இன்று திரை இருக்கிறது. படிக்கத் தெரிந்த கண்கள் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளை நிலவியல் படிக்க அனுப்புங்கள்.