சாய்மானம் ராஜாவுக்கு மட்டும்

350 வருடங்களுக்கு முன்னால் மாத்தளைப் பக்கத்து வில்கமுவவில் யாராவது முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு கதிரை செய்து வீட்டுக்குள் வைத்திருந்தால், அவருடைய தலைக்கு உத்தரவாதம் இல்லை. கண்டி ராச்சியத்தில் யானை ராஜாவுடையது, கறுவா ராஜாவுடையது, கதிரையின் பின்பலகையும் ராஜாவுடையது. குடிமக்களுக்குத்தான் ஆளுக்கொரு முதுகெலும்பு இருக்கிறதே, அது போதாதா என்று இரண்டாம் ராஜசிங்கன் நினைத்திருக்க வேண்டும்.

இந்தச் செய்தியை நமக்குச் சொன்னவர் றொபேட் நொக்ஸ். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சரிபார்க்க மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் ஒதுங்கிய கப்பல்காரர். 1660இல் ராஜாவின் ஆட்கள் மரியாதையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 19 வருடம் விருந்தாளி. சாப்பாடு உண்டு, வீடு உண்டு, ஊருக்குத் திரும்ப மட்டும் அனுமதி கிடையாது. 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டுப் பழி தீர்த்துக்கொண்டார். நம் ஆட்களின் வீட்டுக்குள் என்னென்ன சாமான் இருந்தது என்று ஏலக்காரன் மாதிரி பட்டியல் போட்டிருக்கிறார் மனிதர். உறியில் தொங்கும் மண்சட்டிகள், ஒன்றிரண்டு பித்தளைப் பாத்திரம், பின்பக்கம் இல்லாத முக்காலி ஒன்றோ இரண்டோ. பின்பக்கம் வைத்தது ராஜாவுக்கு மட்டும்.

அந்த மொட்டை முக்காலியிலும் எல்லாரும் குந்திவிட முடியாது. மேல்சாதிக்காரருக்கும், கொல்லர், தச்சர் வரைக்கும் சரி. அதற்குக் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு முக்காலியே கிடையாது. மனிதனின் தகுதியை அவனுடைய பிருஷ்டம் நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து தீர்மானித்த ராச்சியம் அது.

யாழ்ப்பாணத்தார் சிரிக்க வேண்டாம். 1930ஐ ஒட்டிய வருடங்களில், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கட்டும் என்று உத்தரவு வந்தபோது, நம் பெரிய மனிதர் சிலர் பள்ளிக்கூடத்துக்கே நெருப்பு வைத்தார்கள். வாங்கு எரிந்துபோனால் யார் எதில் இருப்பது என்ற பிரச்சினையே இல்லை அல்லவா! ராஜசிங்கனுக்குக்கூடத் தோன்றாத யோசனை.

சரி, ராஜாவின் சட்டம் வில்கமுவவில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகியிருக்கும்? அது நக்கிள்ஸ் மலைக்குக் கிழக்கே, மகாவலியை நோக்கிச் சரிகிற வெக்கைப் பூமி. அரண்மனைச் சேவகனைவிட யானைதான் அடிக்கடி வரும். நெல்லு கதிர் தள்ளிவிட்டால் இராத்திரி முழுக்கக் காவல். மரத்தில் பரண் கட்டி ஏறி, கீழே நெருப்பு மூட்டி, தொண்டை கிழியக் கத்த வேண்டும். பரணில் ஏறி இருப்பவனுக்கு முதுகுப் பக்கம் என்ன? பாலை மரத்தின் அடிமரம். தாராளமாகச் சாயலாம். ராஜா தடை செய்தது தச்சன் செய்த பின்பலகையைத்தானே தவிர, ஆண்டவன் செய்ததை அல்ல. அந்த ராச்சியத்தில் வரி கட்டாமல், வரம் கேட்காமல் குடியானவன் அனுபவித்த ஒரே சாய்மானம் அது. பக்கத்துக் காட்டை 1984இல் வஸ்கமுவ தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறிவித்தது யானைகளின் காதில் சரியாக விழவில்லை. அதனால் பரணும் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை.

ராஜாவின் ஒற்றைச் சாய்மானத்துக்கு வருவோம். ராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, போர்த்துக்கேயரைத் துரத்தித் தாருங்கள் என்று கேட்டான். அவர்களும் வாக்குத் தவறாமல் 1658இல் துரத்தி முடித்தார்கள். பிறகு போர்த்துக்கேயர் எழுந்துபோன இடத்திலேயே தாங்கள் உட்கார்ந்துகொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களவர் இன்றைக்கும் சொல்வார்கள். கரையோரம் அவர்களுக்கு, துறைமுகம் அவர்களுக்கு, கறுவா அவர்களுக்கு. மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ, 1693இல் ஒல்லாந்த தேசாதிபதி தோமஸ் வான் றே, ராஜசிங்கனின் மகன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒரு கதிரை அன்பளிப்பாக அனுப்பினார். தேசத்தின் ஓரமெல்லாம் போனால் என்ன, நடுவில் உட்கார ஓர் இடம் கிடைத்ததே!

கதிரையைக் குறை சொல்ல முடியாது. ஐந்தடி உயரம், மூன்றடி அகலம். மரத்துக்கு மேலே தங்கத் தகடு. கை வைக்கிற இடம் இரண்டும் சிங்கங்கள், அவற்றின் கண்களில் செவ்வந்திக்கல். பின்பலகையின் உச்சியில் சூரியன். இருக்கிற இடத்தில் சிவப்பு வெல்வெட். பிரான்ஸில் பதினான்காம் லூயி காலத்து மோஸ்தர். பார்க்கப் பிரமாதம். ஆனால் சிங்கத்தின் பிடரியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க மந்திரிமாரின் முறைப்பாடு கேட்கிறவன் பாடு என்ன? ஆறுதலாகச் சாய்ந்து கண்ணயரச் செய்த சாமான் அல்ல அது. சாய்மானம் ஒருவருக்கு மட்டும் என்று ஊரெல்லாம் சட்டம் போட்டு, அந்த ஒருவரையும் சாயவிடாமல் விறைப்பாக வைத்திருந்ததுதான் கண்டி அரசவையின் சாதனை.

1739இல் கண்டி ராஜா நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய பிள்ளை இல்லாமல் கண்ணை மூடினான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ராணியின் சகோதரன் அரண்மனையில்தான் இருந்தான். மைத்துனர்தானே, கொஞ்சம் இருங்கோ என்றார்கள். அவரும் அவருக்குப் பின்னால் மூன்று பேருமாக 76 வருடம் எழும்பவில்லை. மைத்துனருக்குக் கதிரை கொடுக்கும்போது யோசித்துக் கொடுக்க வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் இன்னும் படித்த பாடில்லை. இந்த நாயக்கர் வரிசையில் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைப் பார்க்க 1762இல் மதராஸிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியிலிருந்து ஜோன் பைபஸ் என்ற தூதர் வந்தார். கதிரை போடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். முழந்தாளிட வைத்தார்கள். நாட்டைப் பிடிக்கிற யோசனை வெள்ளைக்காரனுக்கு முழங்கால் வலியில்தான் பிறந்தது என்பது என் சொந்த ஆராய்ச்சி. எந்தப் பல்கலைக்கழகமும் இதை ஏற்காது.

1815இல் நாட்டைப் பிடித்தே விட்டார்கள். கதிரை கடைசியில் வின்ட்சர் மாளிகைக்குப் போயிற்று, கதிரைக்காரர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குப் போனார். 1832இல் அங்கேயே காலமானார். 1848இல் வரித் தொல்லை தாங்காமல் மாத்தளை கிளம்பியது. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி. தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். முடி கிடைத்தது, ஆனால் சிம்மாசனம் கடலுக்கு அப்பால். இருக்க இடமில்லாத ராஜாவை இரண்டு மாதத்துக்குள் பிடித்து, பிறகு மலாக்காவுக்கு ஏற்றிவிட்டார்கள். சிம்மாசனம் 1934இல்தான் திரும்பி வந்தது. குளொஸ்டர் கோமகன் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. யாரும் இருக்கக் கூடாது.

சிம்மாசனத்தை எடுத்துக்கொண்டு போன வெள்ளைக்காரன் அதற்குப் பதிலாக விட்டுவிட்டுப் போனது துரைமார் கதிரை. இதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். பிரம்புப் பின்னல், முதுகுக்கு நல்ல சரிவு. கைப்பிடிக்கு அடியில் இன்னொரு கைப்பிடி ஒளிந்திருக்கும். அதைத் திருப்பி வெளியே எடுத்து, கால் இரண்டையும் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டவர் யாருடைய உதவியும் இல்லாமல் அவசரத்துக்கு எழும்ப முடியாது. எழும்ப வேண்டிய அவசியம் துரைக்கு இருக்கவில்லை என்பதைத் தச்சன் சரியாகக் கணித்திருக்கிறான். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த நம் சனம் துரையின் தோட்டத்தில் கோப்பிக் கன்றுக்குக் குழி வெட்டியது. வழியில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். அதைப் பற்றிப் பகிடி விட என்னால் முடியாது. துரையின் இஸ்தோப்பில் நின்றபடிதான் அவர்கள் பேச வேண்டியிருந்தது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி செத்தது, தேயிலை வந்தது, கதிரை மட்டும் நிலைத்தது. பிறகு அது சாய்மனைக் கதிரை என்ற பெயரில் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்களின் விறாந்தைக்கு மாறி, அங்கிருந்து உலக அரசியலை நடத்தியது.

வில்கமுவ இருக்கிற அதே மாத்தளை மாவட்டத்தில்தான் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கண்டலம ஹோட்டலும் இருக்கிறது. 1994இல் திறந்தார்கள். பாவா தன் கட்டடங்களில் சுவரோடு சேர்த்தே சீமெந்தில் ஆசனம் கட்டிவிடுவார், மேலே மெத்தை போட்டால் சரி. 2001இல் அவருக்கு ஆகா கான் விருது கொடுத்தார்கள். என் பாட்டனாரும் இதையேதான் வீட்டு வாசலில் கட்டினார். அதைத் திண்ணை என்று சொல்லி, மேலே மிளகாய் காயப்போட்டார்கள்.

பின்பலகையை உண்மையில் பொதுவுடைமை ஆக்கியவர் எந்தப் புரட்சிக்காரரும் அல்லர். ஹென்றி மாசோனே என்ற பிரெஞ்சுக்காரர். 1972இல் ஒரே வார்ப்பில் பிளாஸ்டிக் கதிரை செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று விழும். அதன் வாரிசுகள் இன்று கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. ராஜசிங்கன் பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பான்.

அதோடு திருப்திப்பட்டோமா? இல்லை. வில்கமுவவில் ஹெட்டிப்பொலப் பக்கம் எந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தாலும் சோபா செட் நிற்கிறது. மூன்று பேர் இருக்கிற ஒன்று, தனியாள் இருக்கிற இரண்டு. கபில நிற ரெக்சின், பின்பக்கம் குழி விழுந்த பொத்தான்கள், தலை படுகிற இடத்தில் பின்னல் துணி. இத்தனைக்கும் மேலே, கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் அப்படியே. விருந்தாளி இருந்தால் சரக் என்று சத்தம். ஐந்து நிமிடத்தில் வியர்வை. எழும்பும்போது பொலித்தீனும் கூடவே எழும்பும். வீட்டுக்காரர் எங்கே? வெளியே கால் நெளிந்த பிளாஸ்டிக் கதிரையில், வயலைப் பார்த்துக்கொண்டு, யானைக்குக் காத்திருக்கிறார். சோபா வாங்க எடுத்த கடனுக்குத் தவணை கட்டுவது அவர். அதில் இருப்பது எப்போதாவது வரும் கிராம சேவகர். ராஜா போன பிறகும் சாய்மானத்தை யாருக்கோ ஒதுக்கிவைக்கிற பழக்கம் போகவில்லை.

சோபாவுக்குள் இருக்கிற நுரைமெத்தையின் கதையிலும் நமக்குப் பங்கு உண்டு. ரப்பர் கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் வந்து இறங்கின. 1929இல் டன்லப் கம்பனிக்காரர் ரப்பர்ப் பாலைக் கடைந்து நுரையாக்கி மெத்தை செய்தார்கள். பிறகு 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பாயர் கண்டுபிடித்த பொலியூரிதேன் மலிவாக வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டுமே சூட்டைப் பிடித்துவைக்கும். குளிர்தேசத்தில் அது சுகம். மகாவலி வெக்கையில், மேலே ரெக்சினும் அதற்கு மேலே பொலித்தீனும் சேர்ந்தால், இருப்பவர் அவிந்துபோவார்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் கொழும்பு–கண்டி வீதியில் ரதாவடுன்னவில் ஒரு தரம் இறங்குங்கள். வீதியோரம் முழுக்கப் பிரம்புக் கதிரைகள். பின்னலுக்குள் காற்று போய்வரும், பின்னல் விட்டால் திரும்பப் பின்னித் தருவார்கள். ஏற்கனவே சோபா வாங்கி வைத்திருப்பவர்கள், இன்றைக்கே அந்தப் பொலித்தீனைக் கிழித்தெறிந்துவிட்டு நன்றாகச் சாய்ந்து இருங்கள். கிராம சேவகர் வந்தால் பிளாஸ்டிக் கதிரையைக் கொடுங்கள், கோபிக்க மாட்டார்.